அந்த வரிசை ஓடாது, சார்!

ஒரு வாய்மொழித் தேர்வுக்காகத் தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். புறத்தேர்வாளர் நான். காலை பதினொரு மணிக்கு என்று சொல்லியிருந்த தேர்வு, திடீரென்று கூட்டப்பட்ட ஏதோ ஒரு கூட்டத்தால் பிற்பகலுக்குத் தள்ளிப்போனது. கையில் மூன்று மணி நேரம் இருந்தது. ஆய்வேட்டில் ஒரு மேற்கோள் உறுத்திக்கொண்டே இருந்ததால், மூலக் கட்டுரையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நூலகத்துக்கு நடந்தேன்.

முதல் மாடியில் மின்னூலகம். திறந்துவைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர் எல்லாம் வாசலில் பளிங்குக் கல்லில் வெட்டியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், ஏ.சி. ஓடாத பெரிய அறை. நான்கு வரிசையில் நாற்பது கணினிகள். எல்லாவற்றுக்கும் பூப்போட்ட துணியில் உறை. அளவெடுத்துத் தைத்தவை, ஓரத்தில் நாடாகூட இருந்தது. முதல் வரிசையில் உட்காரப் போனேன். அட்டெண்டர் எழுந்து வந்தார்.

“அந்த வரிசை ஓடாது, சார். யூ.பி.எஸ். போய் ரெண்டு வருஷமாச்சு. கடைசி வரிசைக்கு வாங்க. மூணு ஓடும். நடுவுல இருக்கறது நல்லா ஓடும், ஆனா அதுல ஒரு பொண்ணு உக்காந்திருக்கு.”

அந்தப் பெண்ணை எழுப்ப மனமில்லை. பக்கத்துக் கணினியை இயக்கினேன். திரையில் வெளிச்சம் வருவதற்குள் வருகைப் பதிவேட்டில் பெயர், துறை, வந்த நேரம், கணினி எண், கையொப்பம் என்று ஐந்து கட்டங்களையும் நிரப்பி முடித்துவிட்டேன். உலாவியைத் திறந்து ஆய்விதழின் பெயரைத் தட்டினால், இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கை. வேறொரு தளம் போனேன், அதற்கும் அதே எச்சரிக்கை. கூகுள்கூடத் திறக்கவில்லை. திரையின் மூலையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கணினிக்கு அன்றைய தேதி 2009 ஜனவரி 1.

கணினியின் தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்திலும் தேதியையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை அணைத்து இயக்கும்போதும் கணினி தன் பழைய தேதிக்கே போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. 2009இல் உட்கார்ந்துகொண்டு இந்த ஆண்டின் சான்றிதழைப் பார்க்கும் கணினி, இது செல்லாது என்று கதவைச் சாத்திவிடுகிறது. தேதியைக் கையால் மாற்றலாமே என்று முயன்றேன். நிர்வாகியின் பாஸ்வேர்ட் கேட்டது. “அது சிஸ்டம் பாக்கற தம்பிகிட்ட இருக்கு சார். அவரு கான்ட்ராக்ட். திங்கக்கிழமை வருவாரு” என்றார் அட்டெண்டர். அந்த பேட்டரி ஊருக்குள் எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும்.

இந்த ஐம்பது ரூபாயைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். ஆனால், அதற்கு முன் ஆறாயிரம் கோடி ரூபாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு ரூ.6,000 கோடி. 30 பதிப்பு நிறுவனங்கள் வெளியிடும் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் படிப்பவர்கள் கட்டணமில்லாமல் வாசிக்கலாம். பயனடைவோர் ஏறக்குறைய 1.8 கோடிப் பேர் என்று அரசு கணக்குச் சொன்னது. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லாத திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். தனியார் கல்லூரி மாணவர்கள் முதல் கட்டத்தில் வெளியே நிற்கிறார்கள். தமிழில் வரும் ஆய்விதழ்களைத் தேடுபவருக்கு இந்தப் பட்டியலால் பெரிய பயன் இல்லை. ஆனாலும், பெரிய ஐ.ஐ.டி.களுக்கு மட்டும் கிடைத்துவந்த இதழ்கள் ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரிக்கும் கிடைக்கின்றன என்பது சிறிய காரியம் அல்ல. அந்தக் கட்டுரைகள் கடல் கடந்து, காந்திநகர் கடந்து, எனக்கு முன்னால் இருந்த திரை வரை வந்துவிட்டன. ஐம்பது ரூபாய் பேட்டரி அவற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இணைய வசதியிலும் இதே கதைதான். தேசிய அறிவு வலையமைப்புக்கு 2010இல் ரூ.5,990 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது. பல்கலைக்கழக வாசல் வரை கண்ணாடியிழைக் கம்பி வந்து, ஜிகாபிட் வேகம் வந்தது. அங்கிருந்து நூலகத்தின் முதல் மாடிக்குப் போகும் வயரும், அதன் முனையில் தூசியேறிக் கிடக்கும் ஸ்விட்ச் பெட்டியும் யார் கணக்கு? ஆற்றில் வெள்ளம் ஓடுகிறது. கடைமடை வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது.

வாங்கத் தெரிகிறது, வளர்க்கத் தெரியவில்லை

ஒரு நூலகர், அதுவும் பேராசிரியர் நிலையில் சம்பளம் வாங்கும் நூலகர், ஐம்பது ரூபாய்க்கு ஒரு பேட்டரி வாங்கிப் போட முடியாதா என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். சொந்தப் பணத்தில் வாங்கிப் போடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஓடாத கணினியிலிருந்து ‘ரேம்’ கழற்றி, ஓடுகிற கணினியில் மாட்டி, இரண்டு நோயாளியில் ஒருவரைப் பிழைக்கவைக்கும் வைத்தியம் எல்லா நூலகங்களிலும் நடக்கிறது. முறைப்படி வாங்க வேண்டுமென்றால், முதலில் எந்தத் தலைப்பில் வாங்குவது என்ற கேள்வி வரும்.

நம் பல்கலைக்கழக நூலகங்களின் கணினிகளில் பெரும்பகுதி ஏதோ ஒரு திட்டத்தில் வந்தவை. 11ஆவது, 12ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலங்களில் பல்கலைக்கழக மானியக் குழு கொடுத்த பணம், பிறகு ரூசா என்ற மத்திய உயர்கல்வித் திட்டம், இடையில் மாநில அரசின் சிறப்பு நிதி என்று கிடைத்த நேரத்தில் கிடைத்த பணம். திட்டப் பணம் என்றால் மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பியாக வேண்டும். ஆகவே பிப்ரவரியில் டெண்டர், மார்ச்சில் லாரி. கணினிக்குக் காசு இருக்கும், மேசைக்கு இருக்காது. அல்லது மேசை வந்துவிடும், மின்னிணைப்பு வராது. மூன்று ஆண்டு உத்தரவாதம் முடியும்போது திட்டமும் முடிந்திருக்கும். ஐந்தாண்டுத் திட்டம் என்ற ஏற்பாடே 2017உடன் போய்விட்டது. அதற்குப் பிறகு ஏ.எம்.சி. எனப்படும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகம் தன் பொதுநிதியிலிருந்து போட வேண்டும். ஓய்வூதியம் கொடுக்கவே மாதாமாதம் மூச்சு வாங்கும் பல்கலைக்கழகத்தில் அந்தக் கோப்பு எந்த மேசையில் படுத்திருக்கும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

சரி, ஓடாதவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டாவது இடத்தைக் காலி செய்யலாமே? அதுவும் முடியாது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருளைக் ‘கண்டம்’ செய்யக் குழு போட வேண்டும். குழு கூட வேண்டும். குழுவில் ஒருவர் மாறுதலில் போயிருப்பார். மின்னணுக் கழிவு விதிகள்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். நாளைக்குத் தணிக்கைக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. எனவே, செத்த கணினிக்கும் துணி உறை மாட்டி, ஆயுதபூஜைக்குப் பொட்டு வைத்து, அதே இடத்தில் வைத்திருக்கிறோம்.

இதில், உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. கட்டமைப்பு என்ற அளவுகோலின் கீழ் நூலகத்துக்கும் கணினி வசதிக்கும் மதிப்பெண் இருக்கிறது. எத்தனை மாணவருக்கு ஒரு கணினி என்று ஒரு விகிதம் கேட்கிறார்கள். எண்ணிக்கைக்குத்தான் மதிப்பெண் என்றால், நாற்பது என்பது நாற்பதாகவே இருப்பதுதான் நல்லது. மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் எல்லா வரிசையும் ஓடும். ஓட்டிக் காட்டும் திறமை நம்மிடம் இருக்கிறது என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடுகிறது. மீதி நாட்களுக்கு அந்தத் திறமை ஏன் இல்லை என்று மாணவர்கள்தான் கேட்க வேண்டும்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் ஒரு காலத்தில் நன்றாகத்தான் யோசித்தது. 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் பொறியாளர் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் ஓட்டினார். ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோன வண்டி. ஒரு மாட்டுவண்டியை ஏற்பாடு செய்கிறவர், மாட்டுக்கு வைக்கோலும் வண்டிக்காரருக்குக் கூலியும் தினம் தினம் ஆகும் என்பதை யாரும் சொல்லாமலே கணக்கில் எழுதிக்கொள்வார். மாடு வாங்கிக் கட்டிவிட்டுத் தீனிக்கு மானியம் வரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. கணினி விஷயத்தில் மட்டும் நாம் அப்படிக் காத்திருக்கிறோம்.

அதே 1931இல்தான் நூலக அறிவியலுக்கான எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகள் நூலாக வந்தன. சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்து, வேலை பிடிக்காமல் மறுபடியும் வகுப்பறைக்கே போய்விடலாம் என்று துடித்தவர், லண்டன் போய்ப் படித்துத் திரும்பிய பிறகு அந்த வேலையைவிட்டு நகரவில்லை. அவருடைய பிறந்தநாளான ஆகஸ்ட் 12 அன்று நாடு முழுவதும் நூலகர் நாள் கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை போடுகிறவர்கள், முதல் விதிக்கு அவர் எழுதிய விளக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். நூல் என்பது பயன்படுவதற்கே என்பதைச் சொல்லவந்தவர், தத்துவம் பேசிவிட்டுப் போய்விடவில்லை. நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், நாற்காலி மேசை எப்படி இருக்க வேண்டும், அலமாரி கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா, வேலை செய்பவர் எப்படிப்பட்டவர் என்றெல்லாம் இறங்கி வாதாடுகிறார். நாம் இன்று ‘வசதிகள்’ என்று ஒரே சொல்லில் அடக்குவதெல்லாம் அவருக்கு முதல் விதியின் உட்பிரிவுகள். எட்டாத உயரத்தில் அடுக்கிய புத்தகத்துக்கும் பாஸ்வேர்ட் திங்கட்கிழமை வரும் கணினிக்கும் என்ன வித்தியாசம்?

தமிழில் தேடினால் கிடைக்காதது

நடுக் கணினியில் இருந்த பெண் தமிழ்த் துறையில் முதலாம் ஆண்டு ஆய்வாளர். நான் தேதியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, “நீங்க இதுல பாருங்க ஐயா, நான் அப்புறம் பாத்துக்கறேன்” என்றார். வேண்டாம் என்று பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரிசல் வட்டாரக் கதைகளைப் பற்றி இதற்கு முன் யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுத் தலைப்புப் பதிவு செய்யும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ என்ற களஞ்சியத்தில் சேர்கின்றன. 2009ஆம் ஆண்டின் மானியக் குழு விதிமுறை, ஆய்வேட்டின் மின்படியைக் கொடுக்க வேண்டும் என்றது. இன்று அதில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. இத்தனை பெரிய வேலையை அமைதியாகச் செய்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டும். ஆனால், அந்தப் பெண் தமிழில் ஒரு சொல்லைத் தட்டியபோது வந்தவை நாலைந்துதான். அதே சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டபோது வேறு சில வந்தன. ‘ழ’வுக்கு வேறு எழுத்துப் போட்டு மறுபடியும் தட்டினார், இன்னும் இரண்டு. “எப்படிப் போட்டா வருமோ அப்படிப் போட்டுப் பாக்கணும் ஐயா” என்று சிரித்தார்.

காரணம் பழையது. ஒருங்குறி பரவுவதற்கு முன் நாம் தமிழைத் தட்டச்சு செய்த எழுத்துருக்கள், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டிவைத்தவை. திரையில் ‘அம்மா’ என்று தெரியும். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக விழும். கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அல்ல. அதற்கும் முந்தைய ஆய்வேடுகள் தட்டச்சுப் பொறியில் அடித்தவை. அவற்றை ஸ்கேன் செய்து வெறும் படமாகப் போட்டிருக்கிறார்கள். தமிழக அரசு ஒருங்குறியை 2010இல் அதிகாரபூர்வமாக ஏற்றது. அதற்குப் பிறகும் துறைகளிலும் டி.டி.பி. கடைகளிலும் பழைய எழுத்துருக்களில் ஆய்வேடு அடித்து, அதையே பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தவர்கள் ஏராளம். வாங்கி வைத்த நூலகமும் திறந்து பார்க்கவில்லை. பத்துச் சொல்லை நகலெடுத்து ஒட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

நூலகத்தின் சொந்தப் பட்டியலும் இதற்குச் சளைத்ததல்ல. தமிழ் நூல்களின் பெயரை ஆங்கில எழுத்தில் ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. சிலப்பதிகாரத்தை ஒருவர் ‘சி’ எழுத்தில் தொடங்குவார், அடுத்த ஆண்டு வந்தவர் ‘எஸ்’ஸில் தொடங்குவார், ‘த’வுக்கு ஒருவர் ‘டி’ மட்டும் போடுவார், இன்னொருவர் ‘எச்’ சேர்ப்பார், ‘க’வுக்கு இரண்டு கட்சி. ஆசிரியர் பெயரின் தலைப்பெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதில் இன்னொரு குழப்பம். ஒரே நூல் பட்டியலில் நான்கு இடங்களில் இருக்கும். தேடுபவருக்கு ஒன்றிலும் கிடைக்காது. புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருக்கும். இதைச் சரிசெய்ய மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலகத்துக்காக எழுதப்பட்டு உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் ‘கோஹா’ இலவசம். மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருளாம். அது தமிழை நன்றாகவே தாங்குகிறது. வேண்டியது, தமிழ் தெரிந்த ஒருவர் ஆறு மாதம் உட்கார்ந்து பதிவுகளைத் திருத்துவது. அந்த ஒருவருக்குத்தான் நம்மிடம் சம்பளத் தலைப்பு இல்லை.

ஸ்கேன் செய்து வெறும் படமாக ஏற்றிய ஆய்வேட்டுப் பக்கங்கள் இன்னொருவருக்கு இழைக்கும் அநீதி இதைவிடப் பெரியது. சில ஆண்டுகளுக்கு முன் பார்வைத்திறன் இல்லாத மாணவர் ஒருவர் என்னிடம் ஆய்வு செய்தார். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நான் பேசும் வேகத்தைப் போல மூன்று மடங்கு வேகத்தில் கணினியைப் பேசவைத்துக் கேட்பார். அவர் பயன்படுத்திய என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான், பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006இல் உருவாக்கத் தொடங்கியது. இலவசமாகக் கிடைப்பது, தமிழும் வாசிப்பது. நூலகத்திலிருந்து ஒரு தமிழ் ஆய்வேட்டைத் தரவிறக்கித் திறந்தார். இருநூற்றுச் சொச்சம் பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் கணினி ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றே சொல்லிக்கொண்டு போனது. படத்துக்குள் எழுத்து இருப்பது அதற்குத் தெரியாது. “சார், எல்லாப் பக்கமும் வெள்ளையா இருக்கா?” என்று கேட்டார். பார்வையுள்ள நண்பர் ஒருவர் இருபது நாள் மாலையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டித்தான் அந்த அத்தியாயம் முடிந்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அவர்கள் வாசிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்றிக்கொள்ளக் காப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தமே வழிவிட்டிருக்கிறது. சட்டம், மென்பொருள் இரண்டும் தயார். பல நூலகங்களில் இவர்களுக்கென்று தனி அறையும் உண்டு. பிரெய்ல் அச்சுப்பொறி அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருக்கும் தனி அறை.

எல்லாம்தான் செல்போனில் வந்துவிட்டதே, நூலகத்தில் கணினி எதற்கு என்று கேட்கும் துணைவேந்தர்களும் இருக்கிறார்கள். இரண்டு பத்தியாக அச்சடித்த ஆய்விதழ்ப் பக்கத்தை ஆறங்குலத் திரையில் விரலால் இழுத்து இழுத்து ஒரு நாள் வாசித்துப் பார்த்துவிட்டு அவர்கள் இதைக் கேட்கலாம். அடிக்குறிப்புகளோடு முந்நூறு பக்கம் ஆய்வேட்டை யாரும் செல்போனில் எழுதுவதில்லை. மாணவர்களிடம் மடிக்கணினி இருக்கிறதே என்பது அதைவிடக் கொஞ்சம் நியாயமான வாதம். பள்ளி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி 2011இல் தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நல்லது. அப்படியானால் நூலகம் அந்த மடிக்கணினியை வரவேற்கத் தயாராக இருக்கிறதா? வாசலில் பையை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கிறார்கள். பென் டிரைவ் அனுமதியில்லை என்று பலகை. உள்ளே கொண்டுபோனாலும், நான் பார்த்த வாசிப்புக்கூடத்தில் பிளக் பாயிண்ட் ஒரே ஒரு தூணில்தான் இருந்தது. தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குடம் வைத்ததுபோல் அந்தத் தூணைச் சுற்றி ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில் மேசை நாற்காலி எல்லாம் காலி. ஒரு மின்பணியாளர் இரண்டு நாள் வேலை செய்தால் தீருகிற பிரச்சினை இது.

வெளியூர் ஆய்வாளர்களுக்கும் விடுதி மாணவர்களுக்கும் வளாகத்துக்கு வெளியிலிருந்தே ஆய்விதழ்களை வாசிக்க ‘இன்ஃபெட்’ என்ற வழி இருக்கிறது. பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கித் தந்தால் போதும். நடுக் கணினியில் இருந்த அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கேள்விப்பட்டதே இல்லை என்றார். அவர் தினமும் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் வருகிறவர்.

இதற்கிடையில் இன்னொரு கெடுவும் வந்து போய்விட்டது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பு, ஏழெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. திட்டக் காலத்தில் வாங்கிய கணினிகள் எல்லாம் இந்த வலையில் விழுகின்றன. உடனே புதுக் கணினிக்கு ஒரு கோப்பு தயாராகும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்கிறேன். ஆய்விதழ் வாசிக்க, பட்டியல் தேட, ஆய்வேடு தட்டச்சு செய்ய லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் தாராளமாகப் போதும். கேரளப் பள்ளிகள் எப்போதோ கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டன. இந்தியாவின் ‘பாஸ்’ லினக்ஸ் உருவானதே சென்னையில்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்துக்கும் அந்த முயற்சியில் பங்குண்டு. நம் வீட்டு வாசலில் விளைந்ததை நம் நூலகங்களில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆதரவு நின்ற கணினியில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு லண்டனில் நடந்ததைச் சொல்லலாம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளுக்குள் புகுந்த கும்பல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. நூலகம் கொடுக்க மறுத்தது. உலகின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்றில், எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று இணையத்தில் தேட முடியாத நிலை 2024 ஜனவரி வரை நீடித்தது. பழைய கணினி அமைப்புகளை மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்ததுதான் மீண்டெழத் தாமதமானதற்கு ஒரு காரணம் என்று நூலகமே அறிக்கையில் ஒப்புக்கொண்டது. நம் நூலகங்களில் எத்தனை இடங்களில் பட்டியலின் காப்புநகல் வேறொரு கட்டடத்தில் இருக்கிறது? இதைக் கேட்டபோது ஒரு நூலகர் தன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஹார்டு டிஸ்க்கைக் காட்டினார். சர்வர் அதே அறையின் மறுமூலையில் இருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நூலகர் பணியிடத்தைப் ‘பொறுப்பு’ என்ற பெயரில் வருடக்கணக்கில் ஓட்டும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்றவர் இடத்தில் ஆள் போடுவதில்லை. வேலையோ கூடிக்கொண்டே போகிறது. ஆய்வேடுகளில் 10 சதவீதத்துக்கு மேல் ஒப்புமை இருந்தால் நடவடிக்கை என்று மானியக் குழு 2018இல் விதி வகுத்த பிறகு, அந்தச் சான்றிதழ் கொடுக்கும் வேலையும் நூலகத்தின் தலையில்தான். நூலக அறிவியல் படித்துவிட்டு மாதச் சம்பளத்தைச் சொல்லக் கூச்சப்படும் ஒப்பந்தப் பணியாளர்கள்தான் பெரும்பாலான மின்னூலகங்களை ஓட்டுகிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். கணினிக்கும் கருவிக்கும் கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கென்று தனித் தலைப்பில் ஒதுக்கி, அதை நூலகர் தன் கையெழுத்திலேயே செலவழிக்கவிட வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் வீதம் நாற்பது கணினி என்றால் இருபது லட்சம். ஆண்டுக்கு இரண்டு லட்சம். ஒரு பட்டமளிப்பு விழாப் பந்தலுக்கு இதைவிடக் கூடுதலாகவே ஆகும். அந்த ஒதுக்கீடு இல்லாத கொள்முதல் கோப்பு எதுவும் நிதிக்குழுவைத் தாண்டக் கூடாது. இருக்கிற நாற்பதில் இருபத்தைந்தை ஓடவைத்துவிட்டு மீதிப் பதினைந்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், எண்ணிக்கை குறைந்ததென்று யாரும் அழ மாட்டார்கள். மாலை ஆறு மணிக்கு விளக்கை அணைக்கும் வழக்கமும் போக வேண்டும். நூலக அறிவியல் துறை உள்ள பல்கலைக்கழகங்களில் அந்த மாணவர்களுக்கே மதிப்பூதியம் கொடுத்து இரவு ஒன்பது வரை திறந்துவைக்கலாம்.

வாய்மொழித் தேர்வு மூன்று மணிக்குத் தொடங்கியது. அந்த மேற்கோளை நான் சரிபார்க்காமலேயே கையெழுத்திட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது பக்க எண் தவறாக இருந்தது.

துணைவேந்தர்களிடமும் ஆட்சிக்குழு உறுப்பினர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கொள்முதல் கோப்பில் கையெழுத்துப் போடும் முன், ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு, யாரிடமும் சொல்லாமல், உங்கள் நூலகத்தின் முதல் மாடிக்குப் போங்கள். முதல் வரிசையில் ஒரு கணினியின் உறையைக் கழற்றி இயக்கிப் பாருங்கள். அட்டெண்டர் எழுந்து வந்து என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.